டீசல் பிக்கப்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மாத்துறது: முதல்தடவை கைவைக்கிறவங்களுக்கு

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்னா ஒவ்வொரு சிலிண்டர்ல இருந்தும் வர்ற புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்புற இரும்புக் குழாய். அதை மாத்துனா வண்டி பறக்கும்னு நினைச்சு இதைப் படிக்க வந்திருந்தீங்கன்னா முதல்லயே சொல்லிடுறேன், ஸ்டாக் ட்யூன்ல (கம்பெனி செட்டிங்லயே) ஓடுற வண்டில இதனால கூடுற பவர் ரொம்பக் கம்மி, சீட்ல உக்காந்து உணர்ற அளவுக்கெல்லாம் வராது. இதோட லாபமே வேற. லீக் நிக்கும், டர்போ (எக்ஸாஸ்ட் கேஸ் வேகத்துல சுத்தி இன்ஜினுக்குக் காத்தை அமுக்கி அனுப்புறது) சீக்கிரமா பூஸ்ட், அதாவது காத்தழுத்தம், கட்டும், ட்ரெய்லர் இழுத்துக்கிட்டு ஏத்தம் ஏறும்போது எக்ஸாஸ்ட் சூடு கொஞ்சம் அடங்கும், எல்லாத்துக்கும் மேல வருஷக்கணக்கா போல்ட் முறியாம இருக்கும். ட்யூன் ஏத்தி, பெரிய இன்ஜெக்டர், பெரிய டர்போ எல்லாம் போட்ட வண்டின்னா அப்போ மேனிஃபோல்டோட உள் அளவும் ஒரு விஷயமா வந்து நிக்கும்.

வேலைன்னு பார்த்தா புது பார்ட்டை மாட்டுறது ரொம்ப ஈஸி. பழைய போல்ட்டை முறிக்காம எடுக்குறதும் மேனிஃபோல்ட் போய் உக்கார்ற சிலிண்டர் ஹெட்டோட முகத்தைச் சுத்தமா சமமா ஆக்குறதும்தான் உண்மையான வேலை. இந்த ரெண்டுக்கும் பொறுமை இல்லைன்னா எவ்வளவு நல்ல மேனிஃபோல்ட் வாங்கினாலும் மறுபடி லீக்கோட டிக் டிக் சத்தம்தான் கேக்கும்.

அது ஏன் கெட்டுப்போகுது

இரும்பு சூடானா நீளும், இது எல்லாருக்கும் தெரியும், ஆனா எவ்வளவுன்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. வார்ப்பிரும்பு ஒரு மீட்டர் நீளத்துக்கு 100 டிகிரி ஏறினா சுமார் 1.1 மில்லிமீட்டர் நீளும். சிலிண்டர் எல்லாம் ஒரே வரிசைல நிக்கிற ஆறு சிலிண்டர் இன்லைன் இன்ஜின்ல மேனிஃபோல்ட் 700 மில்லிமீட்டர் நீளம்னு வச்சுக்கோங்க, லோடுல அதோட உலோகம் 500 டிகிரி ஏறுதுன்னா கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் நீளணும். ஆனா அதைப் பிடிச்சு வச்சிருக்கிற ஹெட்டு கூலன்ட் ஓடுறதால 80, 90 டிகிரிதான் ஏறும், அது அரை மில்லிக்குக் கொஞ்சம் மேல நீளும், அவ்வளவுதான். மீதி 3 மில்லிக்கு மேல இருக்கே, அது எங்க போகும்? போல்ட்டுங்க இறுக்கிப் பிடிச்சிருக்கு, நீள விடாது, அதனால சூட்டுல இளகி இருக்கிற மேனிஃபோல்ட் தன்னையே உள்ளுக்குள்ள அமுக்கிக்கும். அப்புறம் இன்ஜின் ஆறும்போது பழைய நீளத்தை விடக் கொஞ்சம் குட்டையாகி நிக்கும். இப்படி ஆயிரக்கணக்கான தடவை சூடாகி ஆறினா மேனிஃபோல்ட் சுருங்கிக்கிட்டே வரும், போல்ட் துவாரம் எல்லாம் ஹெட்டுல இருக்கிற துளைக்கு நேரா நிக்காம விலகும், கடைசில ரெண்டு ஓரத்துலயும் இருக்கிற போல்ட் முறியும், இல்லைன்னா மேனிஃபோல்டோட காது (போல்ட் போற நீட்டு) உடையும், இல்லைன்னா நடுவுல விரிசல் விடும்.

ஓரத்துப் போல்ட்டே ஏன் முறியுதுன்னா அசைவு எல்லாம் சேர்ந்து அங்கதான் அதிகமா வந்து விழுது. டாட்ஜ் ராம்ல வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினோட ஒரே துண்டு மேனிஃபோல்ட் இந்தச் சுருக்கத்துக்குப் பேர் போனது, அதனாலதான் அந்த இன்ஜினுக்கு ரெண்டு துண்டு, மூணு துண்டா வர்ற மேனிஃபோல்ட் இவ்வளவு வகை கிடைக்குது. துண்டுங்க ஒன்னுக்குள்ள ஒன்னு நுழைஞ்சு நகர்ற மாதிரி ஸ்லிப் ஜாயின்ட் இருக்கும், நீளுறது சுருங்குறது எல்லாம் அந்த ஜாயின்ட்லயே முடிஞ்சுடும், போல்ட்டுக்கு வராது.

சிலிண்டர் ரெண்டு வரிசையா வி மாதிரி நிக்கிற வி8 வண்டிகளுக்குக் கதை கொஞ்சம் வேற. 2001ல வந்த ஜிஎம்மோட டியூராமேக்ஸ் டீசல் இன்ஜின்ல டிரைவர் பக்கத்து மேனிஃபோல்ட் ஸ்டியரிங் ஷாஃப்டுக்கு இடம் விடுறதுக்காக ஒரு இடத்துல ஒடுங்கி இருக்கும், அதை மாத்துறவங்க அந்த ஒடுக்கத்துக்காகத்தான் மாத்துறாங்க. ஃபோர்டோட 6.7 பவர்ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின்ல எக்ஸாஸ்ட் போர்ட்டே வி நடுவுல உள்பக்கமா பார்த்து இருக்கு, அது முதல்தடவை செய்றவங்களுக்கான வேலை இல்லைன்னு நான் நினைக்கிறேன். இந்தக் கட்டுரைல பெரும்பாலும் இன்லைன் இன்ஜினை மனசுல வச்சுத்தான் எழுதுறேன், நாலு சிலிண்டர் பிக்கப்புக்கும் அடிப்படை இதேதான்.

மாத்தணுமான்னு முதல்ல உறுதி பண்ணுங்க

காலைல கோல்ட் ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக்னு சத்தம், வண்டி சூடாக சூடாக அது குறைஞ்சுடுதுன்னா மேனிஃபோல்ட் லீக்கா இருக்க நல்ல வாய்ப்பு, ஏன்னா சூட்டுல நீண்டு அந்த இடைவெளி தானா மூடிக்கும். ஆனா இன்ஜெக்டர் சத்தமும் கிட்டத்தட்ட இப்படித்தான் கேக்கும், அதனால காதை மட்டும் நம்பாதீங்க. ஹீட் ஷீல்டைக் கழட்டிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க, ஹெட்டும் மேனிஃபோல்டும் சேர்ற இடத்துல விசிறி மாதிரி கறுப்பா கரி படிஞ்சிருந்தா அதுதான் சாட்சி. டர்போ ஃபிளேஞ்ச் (டர்போ மேனிஃபோல்டோட சேர்ற தட்டு) சுத்தியும் பாருங்க, நிறைய பேர் மேனிஃபோல்டே போச்சுன்னு நினைக்கிறது கடைசில டர்போ கேஸ்கெட்டா இருக்கும்.

இன்னும் உறுதியா தெரியணும்னா இன்ஜின் ஆறி இருக்கும்போது சைலன்சர் வாய்ல ஷாப் வேக்குவத்தோட ஊதுற பக்கத்தை வச்சுத் துணி சுத்தி அடைச்சு, மேனிஃபோல்ட் ஜாயின்ட் எல்லாம் சோப்புத் தண்ணி அடிச்சுப் பாருங்க, முட்டை விடுற இடம்தான் லீக். அப்படியே ஒவ்வொரு போல்ட் தலையையும் விரல்ல தொட்டு எண்ணுங்க, ஒன்னு ரெண்டு தலையே இல்லாம இருக்கும், அது எப்போ முறிஞ்சு விழுந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.

லீக்கை சத்தம்தானேன்னு விட்டுடாதீங்க. டர்போவைச் சுத்த வேண்டிய கேஸ் வெளிய போறதால பூஸ்ட் லேட்டாகும், அதே பவருக்கு அதிக டீசல் எரியும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும். புகை கேபினுக்குள்ள வந்தா உடம்புக்கும் ஆகாது. டிபிஎஃப் (கரி பிடிக்கிற ஃபில்டர்) இருக்கிற வண்டில டெம்பரேச்சர் சென்சார்களோட கணக்கும் குழம்பும்.

எதை வாங்குறது

இதுல எனக்கு ஒரு உறுதியான கருத்து இருக்கு. லோடு இழுக்கிற, தினமும் ஓடுற வண்டின்னா பளபளன்னு இருக்கிற ஸ்டெயின்லெஸ் ட்யூப் மேனிஃபோல்ட் பக்கம் போகாதீங்க, வார்ப்பிரும்புல துண்டு துண்டா வர்றதையே வாங்குங்க. காரணம் சொல்றேன். 304 ஸ்டெயின்லெஸ் ஒரே சூட்டுக்கு வார்ப்பிரும்பை விட ஒன்றரை மடங்கு நீளும், சுவர் மெல்லிசு, வெல்டு ஜாயின்ட் நிறைய, அதுக்கு மேல ஒரு கனமான டர்போ வேற தொங்கணும். நல்லா டிசைன் பண்ணி, பெல்லோஸ் (நீண்டு சுருங்குற மடிப்புக் குழாய்) வச்சு, டர்போவுக்குத் தனியா சப்போர்ட் பிராக்கெட் குடுத்து செஞ்சிருந்தா நிக்கும், ரேஸ் வண்டிங்கள்ல நிக்குது. ஆனா மலிவா கிடைக்கிற ட்யூப் மேனிஃபோல்ட்ல இதெல்லாம் இருக்காது, வெல்டு ஓரத்துல விரிசல் விடும்.

வார்ப்பிரும்புலயும் வகை இருக்கு. சாதாரண கிரே அயர்ன் விரிசல் விடுறது சீக்கிரம். டக்டைல் அயர்ன் அதைவிட நல்லது. சிலிக்கானும் மாலிப்டினமும் கூடுதலா சேர்த்த டக்டைல் அயர்ன் சூடு தாங்குறதுக்குன்னே செய்றது, வாங்குற பார்ட் இந்த வகைன்னா தைரியமா எடுங்க. என்ன உலோகம்னே சொல்லாம வெறுமனே ஹை ஃப்ளோன்னு மட்டும் போட்டு விக்கிறதைத் தவிர்த்துடலாம்.

வாங்குறதுக்கு முன்னாடி சரிபார்க்க வேண்டியது டர்போ ஃபிளேஞ்ச். உங்க டர்போ ஃபிளேஞ்ச் அளவு டி3யா டி4ஆ, ஒரே வாயா இல்ல நடுவுல தடுப்பு வச்ச ரெட்டை வாயா? ரெட்டை வாய் டர்போன்னா மேனிஃபோல்டும் பிரிச்சு வச்சதா இருக்கணும். ஆறு சிலிண்டர்ல ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4, அதுல முன்னாடி மூணு சிலிண்டர் ஒரு பக்கமும் பின்னாடி மூணு சிலிண்டர் ஒரு பக்கமும் போனா ஒவ்வொரு பக்கத்துக்கும் 240 டிகிரிக்கு ஒரு தடவைன்னு சீரா துடிப்பு வரும், ஒரு சிலிண்டர் தள்ளுற கேஸ் இன்னொன்னோட வழியை மறிக்காது. 1-3-4-2 ஆர்டர்ல ஓடுற நாலு சிலிண்டர்ல 1ம் 4ம் ஜோடி, 2ம் 3ம் ஜோடி. இதைப் பாக்காம ஒரே வாய் மேனிஃபோல்டை ரெட்டை வாய் டர்போல மாட்டினா கீழ் ஆர்பிஎம்ல வண்டி மந்தமாயிடும்.

அப்புறம் ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் கேஸ்ல கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடுற அமைப்பு) பைப் வர்ற வாய் இருக்கான்னு பாருங்க. சில ஆஃப்டர்மார்க்கெட் மேனிஃபோல்ட்ல அந்த வாயே இருக்காது, அதாவது ஈஜிஆரை எடுத்த வண்டிக்குன்னு செஞ்சது. ரோட்ல ஓடுற வண்டில எமிஷன் சாமானைக் கழட்டுறது பல நாட்டுல சட்டப்படி குற்றம், கம்ப்யூட்டரும் எரர் கோடு போட்டுக்கிட்டே இருக்கும், அதனால ஈஜிஆர் வாய் இருக்கிறதையே எடுங்க. ஈஜிடி ப்ரோப் (எக்ஸாஸ்ட் சூடு அளக்கிற சென்சார்) மாட்ட துளை இருந்தா ரொம்ப நல்லது, இல்லைன்னா மேனிஃபோல்ட் கீழ இருக்கும்போதே துளை போட்டு மரை வெட்டிடுங்க, மாட்டினதுக்கு அப்புறம் துளைச்சா அந்தத் தூள் நேரா டர்போவுக்குள்ளதான் போகும்.

எடுத்து வைக்க வேண்டியது

புது மேனிஃபோல்ட் கேஸ்கெட், டர்போ கேஸ்கெட், டர்போ ஆயில் டிரெய்ன் கேஸ்கெட், ஈஜிஆர் கேஸ்கெட், புது போல்ட் இல்லைன்னா ஸ்டட்டு நட்டு முழு செட். பழைய போல்ட்டைத் திரும்பப் போடுற எண்ணமே வேணாம், அது எத்தனையோ தடவை சூடாகி இழுபட்டது. நீளமான போல்ட்டும் அதுக்குக் கீழ போடுற ஸ்பேசர் குழாயும் கிடைச்சா அதை வாங்குங்க. நீளமான போல்ட் கொஞ்சம் இழுபட இடம் இருக்கும், மேனிஃபோல்ட் நீண்டு சுருங்கும்போது பிடி தளராது, குட்டை போல்ட் அந்த அசைவைத் தாங்காம தளரும் இல்ல முறியும்.

டூல்ஸ்ல ஆறு பட்டை சாக்கெட் முக்கியம், பன்னெண்டு பட்டை துருப்பிடிச்ச தலையை உருட்டிடும். அப்புறம் நீள எக்ஸ்டென்ஷன், டார்க் ரெஞ்ச் (இறுக்குற விசையை, அதாவது டார்க்கை, அளந்து இறுக்குறது), நல்ல பெனட்ரேட்டிங் ஆயில், மரை சுத்தம் பண்ற த்ரெட் சேஸர், ஸ்ட்ரெயிட் எட்ஜ் (வளையாத நேர்ப்பட்டை), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு செட்), நிக்கல் வகை ஆன்டி சீஸ் (மரை இறுகிக்காம இருக்கத் தடவுறது). சூடு பண்ண கேஸ் டார்ச் இல்லைன்னா இன்டக்ஷன் ஹீட்டர். வெல்டிங் மெஷின் உங்ககிட்ட இல்லைன்னாலும் பரவாயில்ல, வெல்டு அடிக்கத் தெரிஞ்ச ஒருத்தரை முன்கூட்டியே சொல்லி வச்சுக்கோங்க, தேவைப்பட நிறைய வாய்ப்பு இருக்கு. இந்த இன்ஜினோட வொர்க்‌ஷாப் மேனுவலும் வேணும், டார்க் அளவும் இறுக்குற வரிசையும் அதுல இருக்கிறதுதான் கணக்கு, யாரோ வாய்வழியா சொன்ன நம்பர் கிடையாது.

பிரிக்க ஆரம்பிக்கலாம்

வேலைக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஒவ்வொரு போல்ட்டுக்கும் பெனட்ரேட்டிங் ஆயில் அடிக்க ஆரம்பிச்சுடுங்க, தினமும் ஒரு தடவை, வண்டி கை பொறுக்கிற வெதுவெதுப்புல இருக்கும்போது. கொதிக்கிற மேனிஃபோல்ட் மேல அடிச்சா தீப்பிடிக்கும், அதனால அவசரம் வேணாம்.

வேலை அன்னைக்கு இன்ஜின் முழுசா ஆறி இருக்கணும், பேட்டரி நெகட்டிவ் கழட்டணும், வண்டியைத் தூக்குறதா இருந்தா ஜாக்கை மட்டும் நம்பி கீழ போகாதீங்க, ஸ்டாண்ட் வைங்க. கையுறை, கண்ணாடி, மாஸ்க் போட்டுக்கோங்க, டீசல் கரி மூக்குல போறது நல்லதில்ல.

ஏர் இன்டேக் பைப், இன்டர்கூலர் பைப், ஹீட் ஷீல்டுன்னு ஒன்னு ஒன்னா கழட்டுங்க, கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுத்துக்கிட்டே வாங்க. டர்போல இருந்து கீழ போற டவுன்பைப் சேர்ற வி பேண்ட் கிளாம்பைத் தளர்த்துங்க. டர்போவோட ஆயில் ஃபீட் லைனும் டிரெய்ன் லைனும் கழட்டணும், தண்ணி ஓடுற டர்போன்னா கூலன்டையும் முன்னாடியே இறக்கணும். விஜிடி டர்போன்னா (உள்ள இலைங்க நகர்ந்து கேஸ் வழியை மாத்துற வகை) ஆக்சுவேட்டர் கனெக்டர் ஒன்னு இருக்கும், அதை இழுத்துப் பிச்சுடாதீங்க. இடம் இருந்தா டர்போவைத் தனியா எடுத்துட்டு அப்புறம் மேனிஃபோல்டுக்கு வாங்க, ரெண்டையும் சேர்த்துத் தூக்குனா கனம் தாங்காது, ஒரு ஆள் வேலையா அது ஆகாது.

திறந்த எல்லா வாயையும் உடனே மூடுங்க. கம்ப்ரெசர் பக்கம், டர்பைன் பக்கம், ஆயில் ஓட்டை எல்லாம். ஒரு வாஷர் டர்போவுக்குள்ள விழுந்தா அந்த டர்போ அவ்வளவுதான். அடைக்கிற துணி பளிச்னு தெரியுற கலரா இருக்கட்டும், உள்ள மறந்து விட்டுட்டு மூடுறது புதுசா செய்றவங்களுக்கு நடக்கக்கூடியதுதான்.

காமன் ரெயில் இன்ஜின்னா (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்ல இருந்து அதிக அழுத்தத்துல டீசல் போற வகை) பக்கத்துல போற ஹை பிரஷர் டீசல் லைனைத் தேவையில்லாம தொடாதீங்க, ஓடுற இன்ஜின்ல அதைத் தளர்த்தவே கூடாது, அந்த அழுத்தத்துல பீச்சுற டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போயிடும்.

போல்ட்டு

இங்கதான் நேரம் போகும், போகட்டும்.

சாக்கெட்டை முழுசா உக்கார வச்சு, முதல்ல இறுக்குற பக்கமா லேசா ஒரு தள்ளு, மயிரிழை அசைஞ்சா போதும், அப்புறம் கழட்டுற பக்கம். அசைஞ்சதும் ஒரேயடியா சுத்தாதீங்க. கால் சுத்து வெளிய, கொஞ்சம் உள்ள, ஆயில், மறுபடி கால் சுத்து. துருத்தூள் மரைக்குள்ள சேர்ந்து நடுவழில இறுகிக்கிறதாலதான் நல்லா கழண்டுக்கிட்டு வந்த போல்ட் திடீர்னு முறியும். கைக்கு ஒரு மாதிரி ரப்பர் இழுக்குற உணர்வு வந்துச்சுன்னா நிறுத்துங்க, அது கழலல, முறுக்கிக்குது.

அப்படி நின்னுட்டா சூடு. போல்ட் தலையை மங்கலான சிவப்பு வர்ற வரைக்கும் சூடாக்கி ஆற விடுங்க, சூடாகி ஆறும்போது துருவோட பிடி விடும். கொஞ்சம் ஆறினதும், சிவப்பெல்லாம் போனதுக்கு அப்புறம், மெழுகுவத்தியை மரை ஓரத்துல தேச்சா உருகி உள்ள இழுத்துக்கும், ஆயில் போகாத இடத்துக்கும் அது போகும். கேஸ் டார்ச் எடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க மூணு நாளா அடிச்ச ஆயிலைத் துடைச்சுடுங்க, ஒயரிங், ரப்பர் ஹோஸ், டீசல் லைன் எல்லாத்துக்கும் தடுப்பு வைங்க, தீயணைப்பான் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும். அலுமினியம் ஹெட்டுன்னா டார்ச்சை விட இன்டக்ஷன் ஹீட்டர் நல்லது, போல்ட்டை மட்டும் சூடாக்கும், அலுமினியத்தை அதிகமா சூடாக்கினா அது மெத்துனு ஆயிடும்.

இன்னொன்னு, இதைக் கண்டிப்பா மனசுல வச்சுக்கோங்க: குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அடிச்ச இடத்துல சூடோ வெல்டோ வைக்கவே கூடாது. அது சூட்டுல பாஸ்ஜீன்ங்கிற விஷவாயுவா மாறும், கொஞ்சம் மூச்சுல போனாலே நுரையீரலைக் கெடுத்துடும். குளோரின் இல்லாத கிளீனர் கிடைக்குது, அதை மட்டும் வாங்குங்க, அதுவும் தீப்பிடிக்கும்ங்கிறதால சுத்தமா காஞ்சதுக்கு அப்புறம்தான் டார்ச்.

எவ்வளவு பண்ணியும் ஒன்னு முறிஞ்சிடுச்சா? பதறாதீங்க. தலை மட்டும் போய் மேனிஃபோல்டை எடுத்ததுக்கு அப்புறம் ஒரு துண்டு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா அதிர்ஷ்டம், ஸ்டட் எக்ஸ்ட்ராக்டர்ல பிடிச்சுத் திருப்பலாம். ஹெட்டுக்கு மட்டமா முறிஞ்சிருந்தா அதுமேல ஒரு வாஷர் வச்சு வெல்டு, அந்த வாஷர் மேல ஒரு நட்டு வச்சு வெல்டு. இந்த வழி ஏன் வேலை செய்யுதுன்னா நட்டு கிடைக்கிறது மட்டுமில்ல, வெல்டோட சூடு நேரா முறிஞ்ச போல்ட்டுக்குள்ள இறங்கி துருவை உடைக்குது. கொஞ்சம் ஆற விட்டு மெதுவா முன்ன பின்ன ஆட்டிக் கழட்டுங்க. முதல் வெல்டு பிச்சுக்கிட்டு வந்தா மறுபடி வைங்க, ரெண்டு மூணு தடவை ஆகுறது சகஜம். வெல்டுக்கு முன்னாடி பேட்டரி ரெண்டு முனையும் கழண்டிருக்கணும், எர்த் கிளாம்ப் வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும், இல்லைன்னா இசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) அடி வாங்கும்.

வெல்டும் கைகொடுக்கலைன்னா துளைக்கணும். சரியா நடுவுல பஞ்ச் அடிச்சு, இடது பக்கம் சுத்துற டிரில் பிட்டுல சின்ன அளவுல ஆரம்பிங்க, பாதி நேரம் பிட்டே கடிச்சுக் கழட்டிட்டு வந்துடும். ஈஸி அவுட்ங்கிற அந்த முறுக்கு டூலை நான் பரிந்துரைக்க மாட்டேன், அது ரொம்பக் கெட்டியான ஸ்டீல், உள்ள முறிஞ்சா சாதா டிரில் அதைத் தொடவே தொடாது, அப்புறம் ஹெட்டையே இறக்கி மெஷின் ஷாப்புக்குத் தூக்கிட்டுப் போற நிலைமை. மரை போயிடுச்சுன்னா பெரிசா துளைச்சு த்ரெட் இன்சர்ட் (உள்ள புது மரை குடுக்கிற வளையம்) போடலாம், கெட்டியா நிக்கும்.

ஹெட்டு முகம்

எல்லா போர்ட்டையும் துணி வச்சு அடைச்சுட்டு பழைய கேஸ்கெட், கரி, துரு எல்லாத்தையும் சுரண்டுங்க. பிளேடு ஸ்கிரேப்பரும் கம்பி பிரஷும் போதும். ஏர் டூல்ல சுத்துற உராய்வு டிஸ்க்கைப் போடாதீங்க, முகத்துல குழி விழும், அந்தத் தூள் சிலிண்டருக்குள்ள போனாலும் ஆபத்து, டர்போவுக்குப் போனாலும் ஆபத்து. முடிச்சதும் வேக்குவம் போட்டு உறிஞ்சிட்டுத் துணியை எடுங்க.

மரையை டேப்பால வெட்டாம சேஸரால சுத்தம் பண்ணுங்க, டேப்பு நல்ல உலோகத்தையும் சேர்த்து வெட்டிடும். ஒவ்வொரு துளையிலயும் புது போல்ட்டைக் கையாலயே முழுசா உள்ள ஓட்டிப் பாருங்க, எங்கயாச்சும் சிக்குச்சுன்னா அந்தத் துளை இன்னும் சுத்தமாகல. சில இன்ஜின்ல ஏதாவது ஒரு துளை கூலன்ட் ஓடுற இடத்துக்குத் திறந்திருக்கும், அதுக்கு சீலன்ட் போடச் சொல்லியிருப்பாங்க, மேனுவல்ல பாத்துக்கோங்க.

ஸ்ட்ரெயிட் எட்ஜை ஹெட்டு முகத்துல நீளவாக்குல வச்சு ஃபீலர் கேஜால இடைவெளி பாருங்க. புது மேனிஃபோல்டுக்கும் இதையே பண்ணுங்க, புதுசுன்னா சமமாத்தான் இருக்கும்னு யாரும் உத்தரவாதம் குடுக்கல. அளவு மேனுவல்ல சொன்னதை விட அதிகம்னா லேத் பட்டறையில குடுத்து முகம் எடுத்துட்டு வாங்க, ரெண்டு கேஸ்கெட் அடுக்கிச் சமாளிக்கிறது எல்லாம் ஓடாது.

அடுத்து கேஸ்கெட் இல்லாம ஒரு தடவை சும்மா மாட்டிப் பாருங்க. எல்லா போல்ட்டும் கையால ஏறுதா, துவாரத்தோட நடுவுல நிக்குதா, ஸ்டியரிங் ஷாஃப்ட், ஹீட்டர் ஹோஸ், ஏசி பைப் எதுலயாச்சும் இடிக்குதா, டர்போ பழைய இடத்துலயே வந்து டவுன்பைப்புக்கு நேரா நிக்குதா? இதுக்கு ஆகுற நேரம் கொஞ்சம்தான். துண்டு மேனிஃபோல்டுன்னா ஸ்லிப் ஜாயின்ட் கையால தள்ளினா நகரணும், அங்க கொஞ்சம்கூட இடைவெளி இல்லாம முட்டிக்கிட்டு நின்னா சூடாகி நீள இடம் இல்லாம போயிடும், அப்புறம் துண்டா வாங்கினதுக்கே அர்த்தம் இல்ல.

மாட்டுறது

கேஸ்கெட்டை எந்தப் பக்கம் வைக்கணும்னு பாத்து வைங்க, மெட்டல் கேஸ்கெட்ல பெரும்பாலும் ஒரு பக்கம் அடையாளம் இருக்கும். சிலிக்கான் பேஸ்ட் எதுவும் தடவாதீங்க, இந்தச் சூட்டுல அது கருகி உதிர்ந்துடும். ஓரத்துல ரெண்டு நீள ஸ்டட்டைத் தற்காலிகமா மாட்டி அதுமேல கேஸ்கெட்டையும் மேனிஃபோல்டையும் தொங்க விட்டா ஒரு கையாலயே வேலை ஓடும்.

மரையில ஆன்டி சீஸ் கொஞ்சமா, அடுத்த தடவை கழட்டப் போறவரு நீங்களாவே இருக்கலாம். ஆனா ஒன்னு, மேனுவல்ல குடுத்திருக்கிற டார்க் உலர்ந்த மரைக்கா, ஆன்டி சீஸ் போட்ட மரைக்கான்னு பாருங்க. வழுக்குற மரையில அதே டார்க்கைப் போட்டா போல்ட்ல விழுற இழுவை அதிகமாயிடும், சின்ன போல்ட்டு வேற, நீண்டுடும். மேனிஃபோல்ட் கூட போல்ட் செட் குடுத்தவங்க தனியா டார்க் சொல்லியிருந்தா அதையே எடுத்துக்கோங்க.

எல்லாத்தையும் முதல்ல கையால உக்கார வச்சுட்டு, நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி வெளிய போங்க. ஒரே தடவைல முழு டார்க் கிடையாது, மூணு ரவுண்டு: முதல்ல பாதிக்கும் கீழ, அப்புறம் முக்கால், அப்புறம் முழுசு. ஓரத்துல இருந்து இறுக்கிட்டு வந்தா நடுவு தூக்கிக்கும். இம்பேக்ட் கன்னை இந்த வேலைக்குப் பெட்டியிலயே விட்டுடுங்க.

டர்போவை ஏத்துறதுக்கு முன்னாடி அதோட ஷாஃப்டைக் கையால சுத்திப் பாருங்க, சக்கரம் ஓரத்துல உரசுனா இப்பவே கவனிக்கிறதுதான் நல்லது. புது கேஸ்கெட், நட்டுங்களை ஆன்டி சீஸோட மாட்டுங்க. ஆயில் டிரெய்ன் பைப் மடங்காம கீழ்நோக்கியே இறங்கணும், அது அடைபட்டா டர்போ சீல் வழியா ஆயில் கசியும். ஃபீட் லைனை மாட்டுறதுக்கு முன்னாடி அந்த ஓட்டைல சுத்தமான இன்ஜின் ஆயில் கொஞ்சம் ஊத்தி ஷாஃப்டைச் சுத்தி விடுங்க, உலர்ந்த பேரிங்ல டர்போ சுத்தக்கூடாது. மீதி பைப்பு, ஷீல்டு, கனெக்டர் எல்லாம் போட்டோ பாத்து மாட்டிடுங்க, கூலன்ட் இறக்கியிருந்தா ஊத்திக் காத்து எடுங்க. துணி எத்தனை வச்சோமோ அத்தனையும் வெளிய வந்துச்சான்னு எண்ணிடுங்க.

முதல் ஸ்டார்ட்

இன்ஜின் பிடிக்காத மாதிரி டீசலை நிறுத்தி வச்சு, எப்படி நிறுத்தணும்னு மேனுவல் சொல்ற முறைல, கொஞ்சம் கொஞ்சமா கிராங்க் பண்ணி ஆயில் பிரஷர் வர வைங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஐடில்லயே விடுங்க, ஆக்சிலேட்டர் மிதிக்க வேணாம். வண்டி திறந்த இடத்துல இருக்கணும், ஏன்னா மேனிஃபோல்ட் மேல பட்ட ஆயில், கைரேகை எண்ணெய், புது பார்ட்ல பூசியிருக்கிற துரு தடுப்பு எல்லாம் எரிஞ்சு கொஞ்ச நேரம் நல்லா புகையும். அது சாதாரணம். போகப்போக குறையாம கூடிக்கிட்டே போனாலோ டீசல் வாசனை வந்தாலோ உடனே நிறுத்துங்க.

ஆயில் லைன் ஜாயின்ட் எல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க, டிக் சத்தம் வருதான்னு கேளுங்க. துண்டு மேனிஃபோல்ட் போட்டவங்க ஒன்னு தெரிஞ்சுக்கோங்க, ஸ்லிப் ஜாயின்ட்ல ஆரம்பத்துல லேசா கசிவு இருக்கலாம், ஓட ஓட கரி படிஞ்சு அடைச்சுக்கும். ஹெட்டு பக்கத்துல இருந்து வர்ற கசிவு அப்படி தானா சரியாகாது.

முதல் கொஞ்ச நாளைக்குக் கனமான லோடு வேணாம். சில தடவை நல்லா சூடாகி முழுசா ஆறினதுக்கு அப்புறம், ஆறின நிலையிலயே, மேனிஃபோல்ட் குடுத்தவங்க சொல்லியிருந்தா அதே வரிசைல டார்க் மறுபடி பாருங்க. இழுபட்டு நிக்கிற வகை போல்ட்டுக்கு ரீடார்க் கூடாதுன்னு போட்டிருப்பாங்க, அதையும் படிச்சுக்கோங்க.

ஹீட் ரேப் துணி சுத்தலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. வார்ப்பிரும்பு மேல வேணாம்ங்கிறது என் கருத்து. அது சூட்டை உலோகத்துக்குள்ளயே அடைச்சு வைக்குது, ஈரத்தையும் பிடிச்சு வைக்குது, விரிசல் விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. சூட்டைக் குறைக்கணும்னா மாட்டுறதுக்கு முன்னாடியே செராமிக் கோட்டிங் குடுத்துடுங்க, ஒரிஜினல் ஹீட் ஷீல்டையும் மறக்காம திரும்ப மாட்டுங்க.

ஈஜிடி கேஜ் வச்சிருக்கிறவங்க டர்போவுக்கு முன்னாடி ப்ரோப் இருந்தா லோடுல தொடர்ந்து 700 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாம ஓட்டுங்க, இது பல டீசல்காரங்க வச்சிருக்கிற பொதுவான எல்லை. ஏத்தத்துல முள்ளு அதுக்கு மேல போச்சுன்னா ஒரு கியர் இறக்குங்க, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விடுங்க. நல்லா இழுத்துட்டு வந்து நிறுத்தும்போது உடனே ஆஃப் பண்ணாம ஐடில்ல விட்டு 200 டிகிரி கிட்ட இறங்கினதும் ஆஃப் பண்ணுங்க, டர்போவுக்குள்ள ஆயில் கருகாம இருக்கும், மேனிஃபோல்டும் ஒரேயடியா ஆறாம மெதுவா ஆறும்.